பழைய விளையாட்டுகளைக் கணினிக்குப் பெயர்த்து நடுவோருக்கு

கன்சோல் விளையாட்டுகளைக் கணினிக்கு மாற்றித்தரும் பொறியாளர்கள், அப்பணியை ஒப்படைக்கும் வெளியீட்டாளர்கள், சிங்கப்பூரில் இத்துறையைப் பயிலும் மாணவர்கள் ஆகியோரின் கவனத்திற்கு:

ஒரு கருவிக்கென்றே ஆக்கப்பட்ட விளையாட்டை வேறொரு கருவியில் இயங்கும்படி மாற்றியமைப்பதைத் துறையினர் போர்ட் என்பர். வளர்ந்த கன்றை ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் நடும் வேலையோடு அதற்குள்ள ஒப்புமை கருதி, இம்மடல் அதைப் பெயர்ப்பு என்றே வழங்குகிறது. கன்றைப் பெயர்ப்பவர்கள் வேரைப் பற்றியிருக்கும் தாய்மண் உதிராமல் எடுக்கப் பார்ப்பார்கள், ஏனெனில் மண் உதிர்ந்த கன்று புதிய குழியில் பச்சையாகத் தெரிந்தாலும் சில நாளில் வாடிவிடும். தொலைக்காட்சித் திரை, ஒலிச்சில்லு, கைக்குள் அடங்கும் கன்ட்ரோலர், வட்டிலிருந்து தரவு ஏறும் வேகம் ஆகியவையே ஒரு கன்சோல் விளையாட்டின் தாய்மண் என்பதும், கடந்த முப்பது ஆண்டுகளில் வெளிவந்த பல கணினிப் பெயர்ப்புகள் நிரலை மட்டும் கொண்டுவந்து அந்த மண்ணை உதறிவிட்டன என்பதும் இம்மடலின் முறையீடு.

இப்பொருள் சிங்கப்பூர்த் தமிழருக்கு அயலானது அன்று. தேக்கா நிலையத்திலிருந்து புக்கிட் தீமா சாலையையும் ரோச்சோர் கால்வாயையும் கடந்து சில நிமிடம் நடந்தால் வரும் சிம் லிம் ஸ்குவேர், 1987-இல் திறக்கப்பட்டதிலிருந்து கணினி உதிரிப்பாகங்களுக்கும் மின்னணுப் பொருள்களுக்கும் பெயர்போன கடைத்தொகுதியாக இருந்துவருகிறது. லிட்டில் இந்தியாவின் மறுபுறத்தில் இருந்த சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலை 10-இல் மூடப்படும்வரை, பிறர் கழித்துவிட்ட கடிகாரங்களும் வானொலிகளும் மின்கம்பிகளும் அங்கே தரையில் விரித்த படுதாக்களின்மீது புதிய கைகளுக்காகக் காத்திருந்தன. ஒரே வட்டாரத்தின் ஒரு மூலையில் புதிய கருவியும் மறு மூலையில் பழைய கருவியும் விற்கப்பட்ட ஊரில், பழையது புதியதற்குள் எவ்வாறு நுழைகிறது என்ற கேள்வி எழுவது இயல்பே. அதற்கும் மேலாக, கணினி விளையாட்டின் ஒலி வரலாற்றில் சிங்கப்பூருக்கு ஒரு நேரடிப் பங்கு உண்டு. அதை விளங்கிக்கொள்ள ஒரு குறிப்பிட்ட பெயர்ப்பை நெருங்கிப் பார்ப்பது தேவையாகிறது.

ஜப்பானின் ஸ்குவேர் நிறுவனம் ஆக்கிய ஃபைனல் ஃபேன்டஸி 7, பிளேஸ்டேஷன் கருவிக்காக 1997 ஜனவரி 31-இல் ஜப்பானில் வெளியாகி, அதே ஆண்டில் ஆங்கிலத்திலும் வந்து, அந்தத் தலைமுறைச் சிறுவர் பலருக்கும் கதை சொல்லும் விளையாட்டு என்றால் என்ன என்பதைக் காட்டியது. அதன் கணினிப் பெயர்ப்பை 1998-இல் ஈடோஸ் நிறுவனம் வெளியிட்டது. மூன்று குறுவட்டுகளில் இருந்த விளையாட்டு, நிறுவல் வட்டு ஒன்றும் சேர்ந்து நான்கு வட்டுகளாயிற்று. அதைத் திறந்தவர் முதலில் கண்ட குறை கண்ணுக்கு நேரே இருந்தது. அவ்விளையாட்டில் தெருவும் வீடும் தொழிற்சாலையும் முன்கூட்டியே வரைந்து வைக்கப்பட்ட தட்டையான ஓவியங்கள். அவற்றின்மீது நடமாடும் மாந்தர் மட்டுமே முப்பரிமாண உருவங்கள். பிளேஸ்டேஷன் இரண்டையும் ஏறத்தாழ 320-க்கு 240 படப்புள்ளிகள் என்ற ஒரே நுணுக்கத்தில் காட்டியதாலும், பழைய தொலைக்காட்சித் திரை இரண்டையும் ஒன்றுபோல மென்மையாக்கியதாலும், உருவமும் ஓவியமும் ஒரே உலகத்தைச் சேர்ந்தவையாகத் தெரிந்தன. கணினி வடிவம் உருவங்களை 640-க்கு 480 என்ற நுணுக்கத்தில் கூர்மையாக வரைந்தது, ஓவியங்களை இரு மடங்காக இழுத்து மட்டும் நிரப்பியது. கத்தரித்து ஒட்டிய காகித பொம்மைபோல மாந்தர் தனியே எழுந்து நிற்க, பின்னிருந்த நகரம் மங்கிப் பின்தங்கியது. பிளேஸ்டேஷனில் வாயே இல்லாமல் இருந்த முகங்களுக்கு வாயும் வரையப்பட்டது. வாயற்ற முகத்தில் துயரத்தையும் கோபத்தையும் சிறுவரின் மனமே நிரப்பிக்கொண்டிருந்தது என்பதை அந்தச் சிறு கோட்டை வரைந்தவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இசையில் நேர்ந்தது இன்னும் நுட்பமானது. நொபுவோ உவேமட்சுவின் இசை பிளேஸ்டேஷன் வட்டில் பெரும்பாலும் ஒலிப்பதிவாக வைக்கப்படவில்லை; எந்தச் சுரம் எப்போது எவ்வளவு நேரம் ஒலிக்கவேண்டும் என்னும் பட்டியலாகவும், அச்சுரங்களை ஒலிப்பதற்கான சிறு சிறு கருவி ஒலித்துண்டுகளாகவும் வைக்கப்பட்டது. ஒரே நேரத்தில் 24 குரல்களை எழுப்பவல்ல பிளேஸ்டேஷனின் ஒலிச்சில்லு அவற்றை அவ்வப்போது கோத்து இசைத்தது. கணினிப் பெயர்ப்பு பட்டியலை மிடி என்ற வடிவில் கொண்டுவந்தது. மிடி என்பது சுரங்களை ஏந்தும் ஏடு, அது எந்த ஒலியையும் தன்னுள் வைத்திருப்பதில்லை. 1991-இல் வகுக்கப்பட்ட பொது மிடி என்னும் தரப்பாடு 128 கருவிகளுக்கு எண் மட்டுமே கொடுத்ததால், நாற்பதாம் எண் எவ்வாறு ஒலிக்கும் என்பது அவரவர் வீட்டுக் கணினியில் செருகப்பட்டிருந்த ஒலியட்டையைப் பொறுத்ததாயிற்று. நாகஸ்வரத்துக்கென்று அமைந்த மல்லாரியைச் சுரம் தவறாமல் ஆர்மோனியத்தில் வாசித்தால் எப்படியிருக்குமோ, அப்படித்தான் மலிவான அட்டை பொருத்திய கணினிகளில் அவ்விசை கேட்டது. சுரங்கள் அனைத்தும் சரியாகவே இருந்தன.

சிங்கப்பூரின் பங்கு இங்கேதான் வருகிறது. சிம் வோங் ஹூ 1981-இல் சைனாடவுனின் பேர்ல்ஸ் சென்டரில் தொடங்கிய கிரியேட்டிவ் டெக்னாலஜி நிறுவனம், 1989-இல் சவுண்ட் பிளாஸ்டர் ஒலியட்டையை வெளியிட்டு, உலகெங்கும் கணினி விளையாட்டுகள் ஒலியெழுப்பும் முறைக்கே ஓர் அளவுகோலை வகுத்தது. 1994-இல் வந்த ஏடபிள்யூஇ 32, அதற்குப்பின் வந்த ஏடபிள்யூஇ 64 ஆகிய அட்டைகளில் சவுண்ட்ஃபான்ட் என்றொரு வசதி இருந்தது. எழுத்துருவை மாற்றினால் ஒரே சொல் வேறு வடிவில் தோன்றுவதுபோல, கருவி ஒலிகளின் தொகுப்பை அட்டைக்குள் ஏற்றி ஒரே சுரப்பட்டியலை வேறு கருவிகளில் ஒலிக்கச் செய்யலாம். 1998-ஆம் ஆண்டின் கணினி வடிவத்தோடு வந்த அமைப்புச் சாளரத்தில் பொது மிடி, யமஹா எக்ஸ்ஜி, சவுண்ட்ஃபான்ட் என மூன்று தெரிவுகள் வைக்கப்பட்டிருந்தன. தாய்மண்ணில் ஒரு பிடியையாவது கூடவே எடுத்துவர வேண்டும் என்று அப்பெயர்ப்பைச் செய்தவர்களில் யாரோ அக்கறை கொண்டிருந்ததற்கு அந்த மூன்றாம் தெரிவே சான்று. அது பெரும்பாலும் சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றின் அட்டையை நம்பி வைக்கப்பட்டது என்பதை இந்நகரில் விளையாட்டு ஆக்கம் பயிலும் மாணவர்கள் அறிந்திருப்பது நல்லது.

கையின் குறை தனி. விசைப்பலகையின் வலப்புற எண்தளத்தை மையமாக வைத்து இயக்கவிசைகள் வகுக்கப்பட்டன. அத்தளம் இல்லாத மடிக்கணினியில் விளையாடியவர் விசைகளை ஒவ்வொன்றாக மாற்றியமைக்கவேண்டியிருந்தது. பிளேஸ்டேஷனில் பொத்தானின் உருவம் தோன்றிய இடங்களில் கணினித் திரையில் ஓகே, கேன்சல், மெனு என்ற சொற்கள் சதுர அடைப்புக்குறிகளுக்குள் வந்து நின்றன. எந்த விசை ஓகே என்பதைத் திரை சொல்லவில்லை. 2005-இல் கேம்கியூப் கருவியில் வெளியாகி 2007-இல் கணினிக்குப் பெயர்க்கப்பட்ட ரெசிடென்ட் ஈவில் 4 இதனினும் கடுமையாகத் தவறியது: மவுஸைக் கொண்டு குறிபார்க்க அதில் வழியில்லை, உயிர் தப்ப ஒரு நொடியில் அழுத்தவேண்டிய விசையைத் திரை வெறும் எண்ணால் சுட்டியது. விரல் தானாக அறிந்திருந்த ஒன்றை மூளை எண்ணிப் பார்த்துச் செய்யவேண்டி வரும்போது, சிறுவயதில் பெற்ற தேர்ச்சி முழுவதும் அந்த ஒரு கணத்தில் பயனற்றுப்போகிறது.

இவ்வளவு குறைகளும் உள்ள ஒரு வடிவத்தை ஏன் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்ற கேள்விக்கு விடை சிங்கப்பூரின் வீடுகளிலேயே இருக்கிறது. கல்வி அமைச்சு 1997-இல் பள்ளிகளில் தகவல் தொழில்நுட்பத்தைப் புகுத்தும் பெருந்திட்டத்தைத் தொடங்கிய காலத்தில், படிப்புக்குத் தேவை என்ற காரணத்தால் கணினி நுழைந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகள் பல. விளையாட்டைத் தவிர வேறொன்றுக்கும் உதவாத கன்சோலுக்கு அதே வரவேற்பு எல்லா வீடுகளிலும் கிடைத்திருக்க முடியாது. கணினி மட்டும் இருந்த வீட்டுப் பிள்ளைக்குப் பெயர்ப்பே மூலம். மங்கிய ஓவியமும் கூர்மையான உருவமும் ஆர்மோனியத் தொனியில் ஒலித்த இசையுமே அப்பிள்ளையின் ஃபைனல் ஃபேன்டஸி 7; பிற்காலத்தில் பிளேஸ்டேஷன் இசையைக் கேட்கும்போது அதுவே அவருக்கு அந்நியமாகப் படும். ஆகவே பிழையுள்ள பெயர்ப்பும் ஒருவரின் இளமையாகிவிடுகிறது என்பதையும், அதைப் பிழை என்று சொல்லி அழித்துவிடும் உரிமை எந்த வெளியீட்டாளருக்கும் அறத்தின்படி இல்லை என்பதையும் இம்மடல் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறது.

பின்னர் வந்த பெயர்ப்புகள் இப்பாடத்தைக் கற்றனவா என்றால், கற்றும் மறந்தும் வந்திருக்கின்றன. ஹிரோனொபு சகாகுச்சி, யூஜி ஹோரி, அகிரா தோரியாமா ஆகிய மூவரின் கூட்டில் 1995 மார்ச் 11-இல் சூப்பர் ஃபாமிகாம் கருவிக்கு வந்த க்ரோனோ ட்ரிகர், ஜப்பானிய விளையாட்டுகளில் மிகவும் போற்றப்படுவனவற்றுள் ஒன்று. அது 2018 பிப்ரவரி 27-இல் முன்னறிவிப்பு ஏதுமின்றிக் கணினிக்கு வந்தபோது, கைபேசி வடிவத்திலிருந்து எடுக்கப்பட்ட ஒன்றாகவே வந்தது. படப்புள்ளி படப்புள்ளியாகக் கையால் வரையப்பட்ட உருவங்கள்மீது மென்மையாக்கும் வடிகட்டி ஒன்று பூசப்பட்டு, கோடுகள் கரைந்து வழிந்தன. தரையை நிரப்பும் சிறு கட்டங்களுக்கிடையே இடுக்குகள் தெரிந்தன. விரலால் தொடுவதற்கென்று பெரிதாக வகுத்த பட்டியல்கள் மவுஸும் விசைப்பலகையும் உள்ள மேசையின் முன்னே பொருளின்றி நின்றன. சூப்பர் ஃபாமிகாமின் கிடைமட்டத்தில் இருந்தவை 256 படப்புள்ளிகள். அவற்றுள் ஒன்றைக்கூட வீணாக்க இயலாது என்பதால், ஒரு கண்ணிமையைக் குறிக்க ஒரு புள்ளி, ஒரு புன்னகைக்கு இரண்டு புள்ளி என்று எண்ணி வைத்த ஓவியர்களின் உழைப்பு, பல இலட்சம் புள்ளிகள் கொண்ட திரையில் ஒரு வடிகட்டியால் மெழுகப்பட்டது. இக்குறைகளைப் பற்றிய முறையீட்டை வெளியீட்டாளர் செவிமடுத்தார். அதே ஆண்டு ஏப்ரல் தொடங்கிச் சில மாதங்களில் அடுத்தடுத்து வந்த திருத்தங்கள் பழைய ஓவியத்தைத் தெரிவாக மீட்டுத் தந்தன, கணினிக்கேற்ற பட்டியல்களையும் சேர்த்தன. ஒரு பெயர்ப்பை வெளியிட்டபின்னும் செப்பனிடலாம் என்பதற்கும், செப்பனிட்டால் மக்கள் ஏற்பார்கள் என்பதற்கும் அது நல்ல எடுத்துக்காட்டு.

2021 நவம்பரில் வெளிவந்த கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ முத்தொகுப்பின் புதுப்பித்த வடிவம் வேறொரு பாடத்தைத் தருகிறது. பிளேஸ்டேஷன் 2-க்காக 2004-இல் வெளியான சான் ஆண்ட்ரியாஸில் தொலைவை மூடியிருந்த மூடுபனி, அக்கருவியின் நினைவகம் சிறியது என்பதால் வந்தது. ஆயினும் அந்தப் பனியே மூன்று நகரங்களை ஒன்றுக்கொன்று எட்டாத தொலைவில் நிறுத்தி, ஒரு மாநிலத்தையே கடந்து செல்வதான உணர்வைத் தந்தது. புதிய வடிவம் பனியை விலக்கியது. மலையுச்சியில் நின்றால் மூன்று நகரங்களும் ஒரே பார்வையில் அடங்கின, அகன்று விரிந்த நிலம் ஒரு பூங்காவின் அளவுக்குச் சுருங்கியது. கருவியின் இயலாமையாகத் தோன்றியது படைப்பின் உறுப்பாக ஆகிவிட்டிருந்தது என்பதை இதைவிடத் தெளிவாக எதுவும் காட்டமுடியாது. அத்தோடு புதிய வடிவத்திற்கு வழிவிடப் பழைய கணினி வடிவங்கள் கடையிலிருந்து எடுக்கப்பட்டிருந்தன. எதிர்ப்பு எழுந்தபின் வெளியீட்டாளர் மன்னிப்புக் கேட்டு அவற்றை மீண்டும் கடையில் வைத்தார். பழைய ஒளியமைப்பைத் தெரிவாகத் தரும் திருத்தம் 2024 நவம்பரில்தான் வந்தது.

தமிழில் இந்தச் சிக்கலுக்கு நெடிய பயிற்சி உண்டு. ஏட்டிலிருந்து அச்சுக்கு நூல்களைக் கொண்டுவந்ததும் ஒரு பெயர்ப்பே. உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1892-இல் சிலப்பதிகாரத்தையும் 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது, ஒரே செய்யுள் பல பிரதிகளில் பலவாறு இருந்தால் தமக்குச் சரியென்று பட்டதை மேலே வைத்து, மற்றவற்றைப் பாடபேதம் என்று குறித்துக் காத்தார். எந்த ஏடு யாரிடமிருந்து கிடைத்தது என்பதையும் முகவுரையில் நன்றியோடு பதிந்தார். அவர் தேர்ந்தது தவறென்று பின்வருபவர் கருதினால் திரும்பிச் செல்ல வழி இருந்தது. சிங்கப்பூரிலும் இவ்வுணர்வு புதிதன்று. ஃபைனல் ஃபேன்டஸி 7 வெளியான அதே 1997-இன் மே மாதத்தில், கணினியில் தமிழ் எழுத்துகளை ஒரே முறையில் குறிப்பது பற்றி ஆராயத் தமிழ்நெட் 97 மாநாடு சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் கூடியது. கணியன் எழுத்துருவை ஆக்கிய நா. கோவிந்தசாமி போன்றோர் உழைத்த அக்காலத்தில், ஓர் எழுத்துருவில் தட்டிய கடிதத்தை வேறொன்றில் திறந்தால் எழுத்துகள் சிதறிக் கிடப்பதைக் காணாத தமிழ்க் கணினிப் பயனர் இருந்திருக்கமாட்டார். அடியில் இருந்த எண்கள் மாறவில்லை, அவற்றைக் கண்ணுக்குக் காட்டிய எழுத்துரு மாறிவிட்டது. மிடியில் சுரம் தங்கி ஒலி போனதும் அதே கதை. பின்னர் 2015-இல், சிங்கப்பூரின் ஐம்பதாண்டுத் தமிழ் இலக்கியத்தை மின்மயமாக்கித் தேசிய நூலக வாரியத்தின்வழி அளித்த திட்டமும், நூல்களைப் பக்கம் மாறாமல் காட்டும் கவனத்தோடுதான் செய்யப்பட்டது.

பொறியாளர்மீது மட்டும் பழியை ஏற்றுவது நியாயமாகாது. ஃபைனல் ஃபேன்டஸி 7-ஐ மாற்றியவர்கள் பிற்காலத்தில் கூறியதன்படி, அவர்களிடம் வந்துசேர்ந்த மூலநிரல் விற்பனைக்குச் சென்ற இறுதி வடிவம் அன்று; பிழைகள் நீக்கப்படாத முந்தைய நிலை. மூலநிரல் என்பது விளையாட்டை ஆக்கியோர் எழுதிய, மனிதர் படிக்கக்கூடிய கட்டளைத் தொகுப்பு. அது தொலைந்தால் பெயர்ப்போர் வட்டில் உள்ள எண்களைக் கொண்டு மூலத்தை ஊகிக்கவேண்டியதுதான். ஸ்குவேர் நிறுவனம் 2002-இல் வெளியிட்ட கிங்டம் ஹார்ட்ஸின் மூலப்பொருள்களையும் காக்கத் தவறியதால், 2013-இன் உயர்தெளிவு வடிவத்துக்காக வெளியான வட்டிலிருந்தே பலவற்றைத் திரும்ப ஆக்கவேண்டியிருந்தது. காப்பதற்குக் காசு ஒதுக்காத வெளியீட்டாளர், பத்தாண்டு கழித்துச் சில மாத அவகாசத்தில் சிறு குழு ஒன்றிடம் பெயர்ப்பை ஒப்படைத்தால், குறை நேர்வது உறுதி, முதற்பொறுப்பு ஒப்படைத்தவருடையதே. ரெசிடென்ட் ஈவில் 4-இன் ஓவியங்களை அன்பு மிக்க இருவர் ஊதியமின்றி ஏறத்தாழ 8 ஆண்டுகள் உழைத்துச் சீர்செய்து 2022-இல் வெளியிட்டனர். விளையாட்டில் வரும் சுவர்களும் கதவுகளும் எந்த நிழற்படங்களிலிருந்து வந்தவை என்று தேடி, அவ்விடங்களுக்கே சென்று மீண்டும் படமெடுக்கும் அளவுக்கு அவர்கள் சென்றார்கள். அந்த உழைப்பு போற்றத்தக்கது, ஆனால் விற்றவர் செய்திருக்கவேண்டிய வேலை அது.

எனவே வெளியீட்டாளரிடம் வைக்கும் வேண்டுகோள் எளியது: பெயர்ப்பில் எதை மாற்றினார்கள், எதை மாற்றாமல் விட்டார்கள் என்பதை முகவுரைபோல விளையாட்டுக்குள்ளேயே எழுதி வைக்கவேண்டும்; மாற்றிய ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மூல வடிவத்தைத் தெரிவாக வைக்கவேண்டும்; புதியது வரும்போது முந்தைய பெயர்ப்பைக் கடையிலிருந்து அகற்றக்கூடாது. 2008-இல் இந்நகருக்கு வந்த டிஜிபென் நிறுவனத்திலும் பல்துறைத் தொழிற்கல்லூரிகளிலும் பயிலும் மாணவர்கள், புதிய விளையாட்டை ஆக்கப் பழகும் அதே மேசையில் ஒரு பழைய விளையாட்டைப் பெயர்க்கவும் பழகினால், தொலைக்காட்சித் திரையின் ஒளிவரிகளையும் ஒலிச்சில்லின் 24 குரல்களையும் கண்ணாலும் காதாலும் அளந்து பார்க்கும் பழக்கம் அவர்களுக்கு வாய்க்கும்.

ஃபைனல் ஃபேன்டஸி 7 கணினிக்கு 2012-இல் மீண்டும் வந்து, பின்னர் ஒரு திருத்தத்தின்வழி பிளேஸ்டேஷன் இசையையும் பெற்றுவிட்டது, அது வரவேற்கத்தக்கதே. ஆனால் 1998-இன் மிடி ஏடுகளும், சிங்கப்பூர் அட்டைக்கென்று வகுத்த அந்த மூன்றாம் தெரிவும் இன்று விற்கப்படும் வடிவத்தில் இல்லை. பழைய வட்டை வைத்திருப்பவரும் தன்னார்வலர் ஆக்கிய கருவிகளின் துணையின்றி அதை இன்றைய கணினியில் இயக்குவது கடினம். மிடி ஏடுகள் அனைத்தும் சேர்ந்தாலும் ஒரு நிழற்படத்துக்குத் தேவையான இடத்தையே பிடிக்கும். அவற்றை அமைப்புப் பட்டியலில் ஒரு வரியாக மீண்டும் சேர்த்துத் தருமாறு, அந்த ஒலியைக் கேட்டு வளர்ந்த வீவக வீட்டுப் பிள்ளைகளின் சார்பில் இம்மடல் கேட்டுக்கொள்கிறது.

இங்ஙனம்,
சிராங்கூன் சாலை வட்டாரத்துப் பழைய விளையாட்டு அன்பர் ஒருவர்